மதுரையிலிருந்து காசிக்குக் காரில்: வீல்சேரில் இருக்கும் தோழியோடு நிதானமாகப் போவது எப்படி?

கேள்வி இதுதான். கேட்பவருக்கு 69 வயது, தோழிக்கு 73. தோழிக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம், கூடவே சர்க்கரையும் பிரஷரும். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பார். வெளியே போனால் வீல்சேர். இருவரும் மதுரையிலிருந்து காசி வரை வாடகைக் காரில், டிரைவர் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் பார்த்தபடி போக ஆசைப்படுகிறார்கள். பிள்ளைகள் "இந்த வயசுல எதுக்கு" என்கிறார்கள். போக முடியுமா, எப்படித் திட்டமிடுவது?

தாராளமாகப் போகலாம். ஆனால் பிள்ளைகள் பயப்படும் விஷயம் வேறு, உண்மையில் ஆளைச் சாய்க்கும் விஷயம் வேறு. தூரம் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. நான்கு வழிச்சாலையில் நல்ல சீட்டில் சாய்ந்துகொண்டு 250 கி.மீ. போவது முழங்காலுக்குப் பெரிய பாடு இல்லை. பாடு எங்கே என்றால், ஏறி இறங்குவதில். ஒரு தடவை கழிப்பறைக்கு நிறுத்தினால் காரிலிருந்து வீல்சேர், வீல்சேரிலிருந்து கமோடு, மறுபடி வீல்சேர், மறுபடி கார் என நான்கு முறை எழுந்து உட்கார வேண்டும். பகலில் மூன்று நிறுத்தம் என்றால் பன்னிரண்டு. காலையில் கட்டில், கழிப்பறை, குளியல் நாற்காலி, கார் என்று நான்கைந்து. இரவு ரூமில் அதே அளவு. நாளுக்கு இருபதைத் தாண்டிவிடும். தேய்ந்த மூட்டுக்கு இருபது முறை எழுவது என்பது நாம் மாடிப்படி ஏறி இறங்குவதைவிடப் பெரிய வேலை. ஆகவே ஒவ்வொரு நாளையும் கிலோமீட்டரால் அளக்காமல், எத்தனை முறை எழுந்து உட்கார வேண்டியிருக்கும் என்று எண்ணித் திட்டமிடுங்கள். கார், ரூம், நிறுத்தம், சாப்பாடு எல்லாவற்றையும் இந்தக் கணக்கு தீர்மானிக்கட்டும்.

முதலில் ஒரு சோதனை. கைப்பிடி உள்ள, தரையிலிருந்து 45 செ.மீ. உயரமான நாற்காலியில் தோழியை உட்கார வையுங்கள். நீங்கள் ஒரு கை மட்டும் கொடுத்தால் எழுந்து நின்று, அரைவட்டம் திரும்பி, மறுபடி உட்கார முடிகிறதா? முடிந்தால் நீங்கள் இருவரும் டிரைவரும் போதும். பாதி எடையை நீங்கள் தூக்க வேண்டியிருக்கிறது என்றால், மூன்றாவதாக ஒரு பெண் உதவியாளர் கட்டாயம் வேண்டும். 69 வயதில் இன்னொருவரைத் தூக்கினால் இரண்டாம் நாளே உங்கள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிறகு காரில் இரண்டு நோயாளிகள். இதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாமல் இருவரும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. நீங்கள் போவது தோழியாக, நர்ஸாக இல்லை.

கார்

தாழ்வான செடான் கார் வேண்டாம். உட்காருவது சுலபம், எழும்போது முழங்கால் முழு எடையையும் தாங்க வேண்டும். பொலேரோ, ஸ்கார்ப்பியோ மாதிரி உயரமான வண்டியும் வேண்டாம். ஏறுவதற்குக் கால் தூக்க வேண்டும். இடைப்பட்ட உயரம்தான் சரி. வீட்டிலிருக்கும் வீல்சேரின் சீட் உயரத்தை இஞ்ச் டேப்பால் அளந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் 48 முதல் 50 செ.மீ. இருக்கும். காரின் முன் இடது சீட்டை அளந்து, அதைவிட ஐந்தாறு சென்டிமீட்டருக்குமேல் வித்தியாசம் இல்லாத வண்டியைப் பிடியுங்கள். எர்டிகா, இன்னோவா வகை வண்டிகளில் பார்க்கத் தொடங்கலாம். முன்பதிவு செய்யுமுன் வண்டியை வீட்டுக்கு வரச்சொல்லி, தோழி ஏறி இறங்கிப் பார்க்கட்டும். அரை மணி நேர வேலைதான், அதற்குப் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

வாடகை எர்டிகாக்களில் பலவற்றில் டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கும். வீல்சேர், கமோடு நாற்காலி, வாக்கர், இரண்டு பெட்டி இத்தனையும் அதற்குமேல் ஏறாது. மேலே கேரியரில் கட்டலாம் என்பார்கள். நாளுக்கு நான்கு முறை கயிறு அவிழ்த்துக் கட்ட எந்த டிரைவருக்கும் பொறுமை இருக்காது. சிலிண்டர் இல்லாத வண்டி, பின்வரிசை சீட் மடிந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிக்கியில் கடைசியாக ஏற்றுவதும் முதலில் இறக்குவதும் வீல்சேராக இருக்க வேண்டும்.

தோழி உட்கார வேண்டியது முன் இடது சீட். பின்னால் தள்ளலாம், சாய்க்கலாம், காலை நீட்டலாம், கதவும் பெரியது. ஏறும் முறை இப்படி: கதவை முழுதாகத் திறந்து, வீல்சேரைக் காரை ஒட்டிச் சாய்வாக நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் தட்டுகளை மடக்கிவிட வேண்டும். கால் தட்டை மடக்காமல் எழுந்து அதில் தடுக்கி விழுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. எழுந்து நின்று, காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முதலில் பின்புறத்தைச் சீட்டில் வைத்து, தலையைக் குனிந்து உள்ளே எடுத்து, கடைசியாக இரண்டு காலையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்து ஏறுவது நமக்குப் பழக்கம்; அவருக்கு அது ஆகாது. சீட்டின் மேல் வழுவழுப்பான துணியையோ பெரிய பிளாஸ்டிக் பையையோ விரித்தால் உடம்பு சுலபமாகத் திரும்பும். உட்கார்ந்ததும் அதை உருவி எடுத்துவிடுங்கள். இருந்தால் பிரேக் போடும்போது பெல்ட்டுக்கு அடியில் உடம்பு வழுக்கிவிடும்.

எழும்போது கதவைப் பிடிக்க விடாதீர்கள், கதவு அசையும். கதவுப் பூட்டு மாட்டிக்கொள்ளும் இரும்பு வளையத்தில் செருகிப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கைப்பிடி ஆன்லைனில் கிடைக்கிறது. விலை குறைவு, பயன் பெரிது. நிறுத்தும் இடத்தையும் பாருங்கள். வண்டி நடைமேடையை ஒட்டி நின்றால் கால் வைக்கும் தரை உயர்ந்துவிடும். உயரமான வண்டிக்கு அது நன்மை, தாழ்வான வண்டிக்குத் தொல்லை. இடப்புறம் சரிந்த சாலையோரத்தில் நிறுத்தினால் எந்த வண்டியாக இருந்தாலும் இறங்குவது ஆபத்து.

வாடகைக் கணக்கில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மனம் லேசாகும். வெளியூர் வண்டிகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கி.மீ. என்று கணக்கிடுவார்கள். நீங்கள் அதற்குள் ஓடினாலும் அந்தக் காசுதான். ஆகவே மெதுவாகப் போவதால் பெரிய நட்டம் இல்லை. ஓய்வு நாளுக்கும் அதே குறைந்தபட்சம் உண்டு, அவ்வளவுதான். வண்டி காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் கட்ட வேண்டும். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், டிரைவர் தங்குமிடம் எல்லாம் யார் தலையில் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மஞ்சள் பலகை வண்டிக்கு அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாநில எல்லையிலும் நின்று வரி கட்ட நேரிடும். கொஞ்சம் இந்தி தெரிந்த டிரைவர் கிடைத்தால் கூடுதல் பேட்டா கொடுத்தாவது பிடியுங்கள்.

வீல்சேரைத் தள்ளுவதும் படியில் ஏற்றுவதும் டிரைவர் செய்ய வேண்டிய வேலையா என்பதையும் புறப்படுமுன் பேசிவிட வேண்டும். "சார், இந்த வேலையும் உண்டு, இதற்குத் தனியாக இவ்வளவு தருகிறோம்" என்றால் மனமுவந்து செய்வார்கள். சொல்லாமல் விட்டு வழியில் கேட்டால் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

வீல்சேரும் கமோடு நாற்காலியும்

வழக்கமான இரும்பு வீல்சேர் 17 முதல் 20 கிலோ. நாளுக்கு எட்டு முறை தூக்கி வைக்க அது ஆகாது. பின்சக்கரம் சிறியதாக உள்ள, பின்னாலிருந்து தள்ளும் அலுமினிய வகை பத்து கிலோவை ஒட்டி வரும், அகலமும் குறைவு. இந்த அகலம் முக்கியம். நம் ஊர் லாட்ஜுகளில் பாத்ரூம் கதவு 60, 70 செ.மீ.க்குமேல் இருப்பது அரிது. 18 அங்குல சீட் உள்ள பெரிய சக்கர வீல்சேரின் மொத்த அகலமே 62 முதல் 66 செ.மீ. வரும். கதவு நிலையில் விரல் நசுங்கும். சிறிய சக்கரத்துக்கு ஒரு குறை உண்டு: கல், மணல், பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் வீல்சேரைத் திருப்பிப் பின்புறமாக இழுத்துப் போனால் போய்விடும்.

ஒற்றைப் படியில் ஏற்ற, பின்னாலுள்ள மிதிகட்டையைக் காலால் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிப் படியின்மேல் வைத்து, பின்சக்கரத்தை உருட்டி ஏற்ற வேண்டும். இறக்கும்போது ஆள் முதுகு முன்னே வரும்படித் திருப்பி, பின்சக்கரத்தை முதலில் இறக்க வேண்டும். செங்குத்தான சரிவிலும் அப்படித்தான், பின்புறமாகவே இறங்குங்கள். நேராக இறக்கினால் ஆள் முன்னால் சரிவார். நான்கு பேர் உதவிக்கு ஓடி வந்து தூக்கும்போது கைப்பிடியையும் கால் தட்டையும் பிடிப்பார்கள். அவை கழன்று வந்துவிடும். "சட்டத்தைப் பிடிங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

மடக்கும் சாய்தளம் வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. 15 செ.மீ. படி ஒன்றுக்கே 1.8 மீட்டர் பலகை வேண்டும். இரண்டு படிக்கு 3.6 மீட்டர், அதைக் காரில் வைக்க முடியாது. அதற்குச் செலவழிக்காமல், படியில்லாத ரூமைத் தேடுவதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

கட்டாயம் வாங்க வேண்டியது மடக்கும் கமோடு நாற்காலி. உயரம் கூட்டிக் குறைக்கும்படி, அடியில் உள்ள வாளியைக் கழற்றும்படி இருக்க வேண்டும். வாளியை எடுத்துவிட்டு நம் ஊர் இந்தியன் டாய்லெட் பீங்கானுக்கு மேலே நாற்காலியை நிறுத்தினால் அதுவே வெஸ்டர்ன் டாய்லெட். தாழ்வான வெஸ்டர்ன் கமோடு இருந்தால் அதன்மேலும் நிறுத்தலாம். பல லாட்ஜ் கமோடுகள் 38, 40 செ.மீ. உயரம்தான், முழங்கால் நோயாளிக்கு அதிலிருந்து எழுவது கடினம். குளிக்க உட்காரவும் இதே நாற்காலி. ஒரே ஓர் இடத்தில் இது தோற்கும்: பீங்கானை ஒரு படி உயரத்தில் மேடை கட்டிப் பதித்திருந்தால் நான்கு காலும் சமமாக நிற்காது. அப்போது முயலாதீர்கள், சாலையில் என்றால் அடுத்த பெட்ரோல் பங்க் பாருங்கள். காலடியில் உள்ள ரப்பர் குமிழ்கள் தேய்ந்திருந்தால் புறப்படுமுன் மாற்றிவிடுங்கள். ஈரத் தரையில் பிடிப்பு அதில்தான் இருக்கிறது.

கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள். பெண்கள் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள், சொல்லாமல் செய்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல் என்று வந்து சேரும். நீண்ட நேரம் அசையாமல் உட்காருவதோடு இதுவும் சேர்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயமும் கூடும். தோழியிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கழிப்பறைக்கு வழி நீங்கள் செய்து கொடுங்கள். பயண நாளில் மட்டும் பெரியவர்களுக்கான டயபர் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நிறுத்தம் கிடைக்காத அரை மணி நேரத்துக்கு அது ஒரு தைரியம். பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், பயண நாளில் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தானாக நிறுத்தக் கூடாது.

சாலையில் கழிப்பறைக்கு முதல் தேர்வு, எண்ணெய் நிறுவனமே நேரடியாக நடத்தும் பெரிய பங்க். இடம் விசாலமாக இருக்கும், தரையும் சமமாக இருக்கும். டோல்கேட் கழிப்பறை இரண்டாவது. தாபா கடைசி. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கட்டும். ஆனால் எல்லா நிறுத்தத்திலும் தோழி இறங்க வேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்றில், கதவைத் திறந்து காலை வெளியே நீட்டி, குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலும் கீழும் முப்பது முறை அசைத்தால் போதும். மதியச் சாப்பாட்டையும் கழிப்பறையையும் ஒரே இடத்தில் முடியுங்கள். ஹோட்டல் நாற்காலிக்கு மாற்றாமல் வீல்சேரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் இரண்டு முறை எழுவது மிச்சம். காலுக்கு இறுக்கமான சாக்ஸ் போடச் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிக்குக் காலில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அது கெடுதல். டாக்டர் பாதத்தைப் பார்த்துச் சொன்னால் மட்டும் போடுங்கள்.

வழி

மதுரையிலிருந்து காசி சுமார் 2,240 கி.மீ. பெரும்பகுதி தேசிய நெடுஞ்சாலை 44. சேலம், பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத், நாக்பூர் தாண்டி லக்னாதோன் வரை அதே சாலை. அங்கிருந்து ஜபல்பூர், ரீவா, மிர்சாபூர் வழியாகக் காசி. ஒன்பது ஓட்ட நாள், மூன்று ஓய்வு நாள் என்று வையுங்கள்.

முதல் நாள் சேலம், 235 கி.மீ. இரண்டாம் நாள் பெங்களூரைத் தாண்டித் தேவனஹள்ளிப் பக்கம். ஊருக்குள் தங்கினால் மறுநாள் காலை நெரிசலிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். அந்த நாள் ஞாயிறாக அமைந்தால் ஓசூர் சாலை நெரிசலிலிருந்தும் தப்பலாம். மூன்றாம் நாள் கர்னூல், 320 கி.மீ.; முழுப் பயணத்தில் நீளமான நாள் இது, சாலை நன்றாக இருப்பதால் தாங்கும். வழியில் கொடிகொண்டாவிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் லேபாட்சி. கோயிலுக்குப் படிகள் உண்டு, ஆனால் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி ஊருக்கு வெளியே சாலையோரப் பூங்காவில் சமதரையில் இருக்கிறது. தோழி இறங்காமலே பார்க்கலாம்.

நான்காம் நாள் ஹைதராபாத்; ஊருக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையில் சுற்றி மேட்சல் பக்கம் தங்குங்கள். அதில் ஏறுமுன் கழிப்பறையை முடித்துவிடுங்கள், நினைத்த இடத்தில் இறங்க முடியாத சாலை அது. ஐந்தாம் நாள் ஓய்வு. ஆறாம் நாள் அடிலாபாத், 280 கி.மீ. ஏழாம் நாள் நாக்பூர், 195 கி.மீ.தான், மதியமே போய்ச் சேர்ந்து, மறுநாளும் அங்கேயே ஓய்வு. பிறகு ஜபல்பூர், 270 கி.மீ. நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே பெஞ்ச் காட்டை ஊடறுத்துச் சாலை போகிறது. புலியும் மானும் அடியில் கடந்து போவதற்காகச் சாலையையே பாலம்போல உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். காட்டுக்குள் சஃபாரி ஜீப்பில் ஏறுவது தோழிக்கு முடியாது. இந்தப் பாலத்தின்மேல் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போவது அவருக்கும் கிடைக்கும் காடு. ஜபல்பூரில் ஒரு நாள் ஓய்வு, பின் ரீவா 230, அடுத்த நாள் காசி 240. ரீவா தாண்டி ஹனுமனாவுக்குப் பின் டிரம்மண்ட்கஞ்ச் மலைச்சரிவு வரும், லாரி நெரிசல் உள்ள இடம். அதைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

இரவு தங்கும் ஊர்களை இப்படித் தேர்ந்ததற்கு அழகு காரணமில்லை. சேலம், கர்னூல், ஹைதராபாத், அடிலாபாத், நாக்பூர், ஜபல்பூர், ரீவா, காசி இத்தனை ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. வயதானவர்களுக்கு உடம்பு கெடுவது பெரும்பாலும் இரவு. அப்போது அருகில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பது பாதிக் கவலையைத் தீர்க்கும். வண்டி ஓட்டம் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை நான்குக்குள் முடிய வேண்டும். இருட்டியபின் ஓட்டவே கூடாது. டிரைவரும் மனிதர்தான், அவருக்கும் நல்ல தூக்கம் வேண்டும். ரூமுக்குக் காசு மிச்சம் பிடிக்க அவரை வண்டியில் படுக்கச் சொல்லாதீர்கள்.

காலம்: டிசம்பர், ஜனவரியில் ஜபல்பூருக்கு வடக்கே மூடுபனி. மே, ஜூனில் வெயில் உயிரை எடுக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை பெருகிப் படித்துறைகள் முழுகும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை நல்லது, மகாசிவராத்திரியும் ஹோலியும் வரும் நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். இன்னொரு வாய்ப்பு நவம்பர், வடநாட்டுக் கணக்குக் கார்த்திகைப் பௌர்ணமிக் கூட்டம் கலைந்தபின்.

ரூம்

"வீல்சேர் வசதி இருக்கா?" என்று கேட்டால் எல்லா ஹோட்டலும் "இருக்கு" என்றுதான் சொல்லும். அந்தக் கேள்விக்கு மதிப்பே இல்லை. எண்ணிச் சொல்ல வேண்டிய கேள்விகளாகக் கேளுங்கள். ரோட்டிலிருந்து ரிசப்ஷனுக்கு எத்தனை படி? ரிசப்ஷனிலிருந்து லிஃப்டுக்கு எத்தனை படி? லிஃப்ட் நான்கு படிக்கு மேல் தொடங்கும் கட்டடங்கள் ஏராளம். கரண்ட் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா? பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம்? பாத்ரூம் வாசலில் தடுப்புப் படி உண்டா? வடக்கே போனபின் "கித்னி சீடீ ஹை?" என்ற ஒரு வரி போதும், எத்தனை படி என்று கேட்டதாகிவிடும்.

இன்னும் நிச்சயமான வழி, காரை நிறுத்தும் இடத்திலிருந்து கட்டில் வரை, பாத்ரூம் உள்பட, நடந்துகொண்டே ஒரு நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது. கதவு நிலையில் ஒரு ஏ4 தாளை நீளவாட்டில் குறுக்கே பிடித்துப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தாளின் நீளம் 29.7 செ.மீ., இரண்டு தாளுக்கும் மேலே ஒரு சாண் இடைவெளி இருந்தால் எந்த வீல்சேரும் போகும். அனுப்ப மறுக்கும் ஹோட்டலை விட்டுவிடுங்கள், நேரில் போனபின் அவர்கள் உதவப் போவதில்லை. தரைத்தளத்தில் ரூம் கிடைத்தால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். அடிலாபாத், ரீவா போன்ற ஊர்களில் தேர்வு குறைவு, அந்த இரண்டையும் முதலில் உறுதிசெய்த பிறகு மற்ற ஊர்களைப் பாருங்கள்.

ரூமுக்குள் போனதும் முதல் வேலை பாத்ரூம் தரையைத் துடைத்து ரப்பர் மேட் போடுவது. கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியை ஹோட்டல்காரர்கள் அன்போடு கொண்டுவந்து தருவார்கள். ஈரத்தில் அதன் கால் விரிந்து சறுக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரவு விளக்கு ஒன்று கையோடு கொண்டுபோங்கள். புது ரூமில் நடுராத்திரி சுவிட்ச் தேடும்போதுதான் விழுகிறார்கள்.

மருந்து

பயண நாட்களைப் போல ஒன்றரை மடங்கு மருந்து, இரண்டு பொட்டலமாக. ஒன்று உங்கள் கைப்பையில், ஒன்று தோழியின் பையில். டிக்கியில் எதுவும் கூடாது. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரையும் டாக்டரை எழுதச் சொல்லுங்கள். மதுரையில் கிடைக்கும் பெயர் ரீவாவில் கிடைக்காது, மூலப்பெயர் இருந்தால் மக்கள் மருந்தகத்திலும் வாங்கலாம். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை கெடாது; புதியதை ஐஸ் கட்டியில் நேரடியாகப் படவிட்டால் உறைந்து கெட்டுவிடும், துணி சுற்றி வையுங்கள். நிறுத்திய காருக்குள் இன்சுலினையும் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பையும் விட்டு இறங்காதீர்கள். சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் சர்க்கரை இறங்கும், குளுக்கோஸும் பிஸ்கட்டும் முன் சீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மாலையில் ரூமுக்கு வந்ததும் பாதம், குதிகால், பின்புறம் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம். மறுநாள் பயணத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இருவரும் ஒருவர் மற்றவருடைய விவரத்தைக் காகிதத்தில் வைத்திருங்கள்: நோய், மருந்து, ஒவ்வாமை, பிள்ளைகளின் போன் நம்பர். தமிழில் மட்டும் எழுதாதீர்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலும் வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானாலும் விபத்தானாலும் 1033, ஆம்புலன்ஸ் 108, பொது அவசரம் 112, முதியோர் உதவி எண் 14567. எழுபது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் வரை சிகிச்சைக்கான மத்திய அரசின் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் வந்தது. தோழி பதிந்திருக்கிறாரா, எந்த மாநில ஆஸ்பத்திரிகளில் செல்லும் என்று புறப்படுமுன் விசாரியுங்கள்.

நீங்கள் இருவரும்

பத்துப் பன்னிரண்டு நாள் ஒரே காரில், ஒரே ரூமில் இருந்தால் நாற்பது வருட நட்பும் சில நேரம் உரசும். முன்கூட்டியே ஒன்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்: "இன்னைக்குப் போதும்" என்று இருவரில் யார் சொன்னாலும், காரணம் கேட்காமல் அன்றைய திட்டம் நிற்கும். தோழி இதைச் சொல்லத் தயங்குவார், தன்னால் உங்களுக்குத் தொந்தரவு என்று நினைப்பார். ஆகவே முதலில் அதைச் சொல்பவர் நீங்களாக இருங்கள். ஓய்வு நாளில் அவர் ரூமில் டிவி பார்க்க, நீங்கள் தனியே கடைத்தெருவுக்குப் போய்வரலாம், அதில் தப்பில்லை. பொதுச் செலவுக்கு ஒரே பர்ஸ், இருவரும் சமமாகப் போட்டுவிட்டால் யார் கொடுப்பது என்ற பேச்சே வராது. வீல்சேர் ஆள் என்பதால் ஹோட்டலிலும் கோயிலிலும் எல்லோரும் உங்களிடமே பேசுவார்கள். "அவங்களையே கேளுங்க" என்று சொல்லுங்கள்.

புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் இதே வண்டி, இதே டிரைவர், இதே சாமான்களோடு தஞ்சாவூர் போய் ஓர் இரவு தங்கித் திரும்புங்கள். சுமார் 190 கி.மீ., ஒரு நாள் ஓட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. எது தேவையில்லாமல் இடத்தை அடைக்கிறது, எது இல்லாமல் தவிக்கிறோம், தோழியின் உடம்பு மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

காசியில்

நகரத்தார் சத்திரமும் மடங்களும் நம்மவர்களுக்குப் பழகிய இடங்கள், சாப்பாடும் நம் சாப்பாடு. ஆனால் கோதௌலியா, ஹனுமான் காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பக்கத்துச் சந்துகளில் கார் நுழையாது. வழியில் மாடு, படி, பள்ளம். சாப்பாட்டுக்கு அங்கே போகலாம், தங்குவதற்குக் கண்டோன்மென்ட் பகுதியில் லிஃப்ட் உள்ள ஹோட்டல் பாருங்கள். விசுவநாதர் கோயிலுக்கு 2021 டிசம்பரில் திறந்த புதிய வளாகம் வந்தபின் வீல்சேருக்கு வழி பிறந்திருக்கிறது. காரை மைதாகின் பக்கத்திலோ பேனியாபாகிலோ நிறுத்திவிட்டு, அங்கிருந்து ரிக்‌ஷாவில் கோயில் வாசல்வரை வர வேண்டும். தரிசனச் சீட்டை முன்பே எடுத்து, வாசலில் வீல்சேர் உதவி கேளுங்கள். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், ரூமிலேயே வைத்துவிட்டு வந்தால் லாக்கர் வரிசை மிச்சம். விடிகாலையும் மாலையும் தவிர்த்து, பகல் பதினொன்றையொட்டிப் போனால் நெருக்கடி கொஞ்சம் குறைவு. திங்கட்கிழமை வேண்டாம்.

கங்கையைத் தொடத் தசாஸ்வமேத காட்டுக்குப் போக வேண்டாம். படிகள் உயரம், ஈரம், கூட்டம். ராஜ்காட் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள நமோ காட் சரிவுப்பாதைகளோடு கட்டப்பட்டது, வண்டியும் அருகே வரை போகும். அங்கே வீல்சேரிலேயே நதியோரம் போகலாம். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து தோழியின் கையில் ஊற்றினால் அதுவே ஸ்நானம். படகில் ஏறுவதானால் மிதவைத் துறையிலிருந்து ஏறும் பெரிய படகு மட்டும். நீர்மட்டத்தைப் பொறுத்துப் படகுக்கும் துறைக்கும் இடையே உயரம் மாறும், ஒரு அடிக்குமேல் இருந்தால் விட்டுவிடுங்கள். பத்து கி.மீ. தள்ளிச் சாரநாத், பெரும்பாலும் சமதரை, நிழல், அமைதி. ஒரு முழு முற்பகல் அங்கே இருக்கலாம்.

திரும்பும்போது கார் வேண்டாம். காலி வண்டிக்குக் கட்டும் காசு உறுத்தும்தான், ஆனால் இன்னொரு 2,240 கி.மீ. அந்த முழங்காலுக்கு அதிகம். விமானத்தில் வாருங்கள். டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் உதவி என்று பதிந்து, 48 மணி நேரம் முன்பு மறுபடி போன் செய்து உறுதிப்படுத்துங்கள். விமானத்தின் கதவுவரை வீல்சேரிலா, உள்ளே சீட்டுவரை தூக்கிச்செல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். தோழியால் பத்தடிகூட நடக்க முடியாவிட்டால் சீட்டுவரை என்று சொல்லுங்கள், இடைவழியில் போகும் ஒடுக்கமான நாற்காலியை அவர்களே ஏற்பாடு செய்வார்கள். சொந்த வீல்சேரைக் கட்டணமில்லாமல் ஏற்றுவார்கள். கால் தட்டு, மெத்தை எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சட்டத்தில் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையைக் கட்டிவிடுங்கள். மாறும் விமானமாக இருந்தால் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் இருக்கட்டும். வீல்சேர் பயணிகளைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். கமோடு நாற்காலியையும் மிச்சச் சாமான்களையும் காரிலேயே டிரைவரிடம் கொடுத்து மதுரைக்கு அனுப்பிவிடலாம்.